கரியப்பன் பாதியில் விட்ட சுவர்

நாலாவது மேஸ்திரி ராயக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். தோளில் ஒரு கோணிப்பை. அதற்குள் பூச்சுக் கரணையும் தேய்ப்புக் கட்டையும் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். பெயர் கங்கப்பன், கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம். அங்கே பழைய கோயில் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர் என்று கேள்விப்பட்டு, யார் யாரையோ பிடித்து, போனில் நாலு தடவை கெஞ்சி வரவழைத்த ஆள்.

சுகுணாவுக்கு மேஸ்திரிகள் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் முந்தின மூன்று பேரோடு போயிருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை. இன்னும் பதினைந்து நாளில் மகள் சுவேதாவின் நிச்சயத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் ஹரீஷ்குமார் ஒசூரில் இன்ஜினியர். கெலமங்கலத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை வாசலுக்கு வராது. வருகிறவர்கள் கூடத்தில்தான் உட்காருவார்கள். கூடத்தில் கால் வைத்ததும் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான்.

கோட்டை மலையடிவாரத்தில் அவள் புருஷன் கோவிந்தனின் தாத்தா கட்டிய வீடு அது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர், பன்னிரண்டு அடி உயரம். இடது பாதி புதுப்பூச்சு முடிந்து வழவழவென்று இருந்தது. வலது பாதி உரித்த ஆடு மாதிரி நின்றது. ஏழு மாதமாக அப்படித்தான்.

முதலில் ஒசூரிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. சிப்காட்டில் ஷெட் ஷெட்டாகப் பூசித் தள்ளுகிறவர்கள். ஒரே நாளில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மொத்தமும் பாளமாகக் கழன்று விழுந்தது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு ஒட்டாது என்று ஊரில் எல்லோரும் அப்புறமாகச் சொன்னார்கள். சுகுணாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. காரணம் என்று ஒன்று இருந்தால் நிம்மதிதானே.

இரண்டாவது ஆள் ராயக்கோட்டைக்காரன். சாரத்தில் ஏறி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, இறங்கி வந்துவிட்டான்.

"கீழ நின்னுக்கினு யாருங்க சாரத்த ஆட்டறது?"

"யாரும் இல்லையே."

அவன் அவளைப் பார்த்தான், சாரத்தைப் பார்த்தான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன், சாந்து தேய்க்கிற மரக்கட்டையைக்கூட எடுத்துப்போக வரவில்லை.

மூன்றாவதாக வந்தது வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேர். மறுபேச்சில்லாமல் பூசினார்கள். நல்ல வெயில் காலம், மூன்று நாளில் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. நாலாம் நாள் ஈரச் சாந்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சுவரோரம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். "தாரு," என்றான் ஒருவன். சாராயத்துக்கு அவர்கள் ஊர்ப் பேச்சு அது. இன்னொருவன் கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டிச் சிரித்தான்.

சுகுணா சிரிக்கவில்லை. அந்த வாசனை அவளுக்கும் வந்திருந்தது. மட்டமான பிராந்தி. இனிப்பும் எரிச்சலும் கலந்து மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. வீட்டில் ஏழு மாதமாக ஒரு பாட்டில் கிடையாது. கோவிந்தன் குடியை அடியோடு விட்டிருந்தான். விட்டதற்காக ஊரே அவனை மெச்சியது.

இந்தக் கங்கப்பன் வந்ததும் சாமானை இறக்கவில்லை. புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு இடது பாதிக்குப் போய் நின்றவர் வெகுநேரம் நகரவில்லை. கடைசியில் செல்போன் டார்ச்சைப் போட்டு, சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் ஒட்டி வைத்தார்.

"இங்க வா அம்மா, பாரு."

சுகுணா பார்த்தாள். வெளிச்சம் சுவரின் மேல் தண்ணீர் மாதிரி ஓடியது. மேடு இல்லை, பள்ளம் இல்லை.

"நேரா பாத்தா எல்லாச் செவுரும் நல்லா தெரியும். இப்படி ஓரமா வெளிச்சம் வெச்சா கையோட குணம் தெரிஞ்சுரும். கை நடுங்கினா அலை அலையா உழுவும். இதுல ஒரு அலை இல்ல. யாரு கை இது?"

"கரியப்பன்னு உள்ளூர் ஆளு."

"அவரையே கூப்புடலாமே. நான் எதுக்கு?"

"செத்துட்டாரு. லாரி அடிச்சு. குருபரப்பள்ளிகிட்ட, ஹைவேல."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப்போயிருந்தது.

"குடிச்சிருந்தாரு."

கங்கப்பன் டார்ச்சை அணைத்தார். "குடிக்கிறவன் கை இல்லம்மா இது," என்றார்.

நடந்தது இதுதான். மாசி மாதம், மத்தியானம் மூன்று மணி. கரியப்பன் இடது பாதியை முடித்துவிட்டு வலது பக்கத்துக்குச் சாரம் கேட்டான். முன்பு வந்த வாடகைச் சாரம் வேறு வேலைக்குப் போயிருந்தது, திரும்பி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கோவிந்தனுக்குப் பொறுக்கவில்லை. தக்காளித் தோட்டத்தில் செடிக்கு நட்டுப் பிடுங்கிய சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து கட்டினான். "அடியெல்லாம் உளுத்திருக்குதுங்க," என்றான் கரியப்பன். "ஏறுய்யா, நீ என்ன யானையா?" என்றான் கோவிந்தன். கரியப்பன் ஏறினான். கம்பு முறிந்தது. கீழே ஆட்டுக்கல் கிடந்தது.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

வீட்டில் அப்போது மூன்றே பேர். சற்று நேரத்தில் இரண்டு பேர் ஆனார்கள். கேஸ், கோர்ட்டு, வீட்டில் சாவு விழுந்தது என்ற பேச்சு, அப்புறம் சுவேதாவை யார் கட்டுவார்கள். யோசனை சொன்னது கோவிந்தன். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேருமாகத் தூக்கி பிக்கப் வண்டியில் போட்டு, மேலே தக்காளிக் கிரேடுப் பெட்டிகளை அடுக்கினார்கள். குருபரப்பள்ளி ஹைவே ஓரம் இருட்டில் இறக்கிப் போடும் முன், அலமாரியிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைக் கோவிந்தன் எடுத்தான். அவன் கை வெடவெடவென்று ஆடியது. மூடியைத் திறக்க முடியவில்லை.

அவள்தான் வாங்கித் திறந்தாள். அவள்தான் ஊற்றினாள். சட்டை நனைய, நிதானமாக, ஒரு சொட்டும் வண்டியில் சிந்தாமல்.

இதெல்லாம் கங்கப்பனுக்கு எப்படித் தெரியும்? அவர் பையைத் திறக்காமலே நின்றுகொண்டு சொன்னார்: "எங்க வேலைல ஒரு முறை இருக்குதும்மா. ஒருத்தன் பாதில உட்ட செவுத்துல இன்னொருத்தன் கரணை வெக்கணும்னா, அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அவன் இல்லேன்னா அவன் ஊட்டு ஆளு வந்து மொதல் கை சாந்து வெக்கணும். கேக்காம வெச்சா நிக்காது. பெண்டாட்டி இருக்குதா அவருக்கு?"

"வேற எதாவது செய்யக் கூடாதா? கூட ரெண்டு நாள் கூலி வேணும்னாலும்…"

"பேடம்மா," என்று கன்னடத்தில் மறுத்துத் தலையாட்டினார். "அந்தம்மாவ கூட்டிட்டு வா. நான் சுண்ணாம்பு ஊற வெக்கறேன்."

கரியப்பனின் பெண்டாட்டி மாரம்மா ஊர்க்கோடியில் இருந்தாள். முன்பெல்லாம் புருஷன் பூச, அவள் சாந்து கலந்து கொடுப்பாள். கடைசி நாள் மட்டும் கூடப் போகவில்லை. இப்போது கம்பெனி பஸ்ஸில் ஒசூர் போய் கேன்டீனில் தட்டுக் கழுவுகிறாள். அன்றைக்கு அவளுக்கு இரவு ஷிப்டு, வீட்டில் இருந்தாள். சுகுணா வாசல்படி தாண்டவில்லை. நின்றபடியே சொன்னாள்.

மாரம்மா கேட்டு முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"ஆஸ்பத்திரில பாடிய குடுத்தாங்க பாருங்க, அப்ப சட்டை நாறுச்சுங்கம்மா. பிழிஞ்சா ஊத்தும், அப்படி. எல்லாரும் மூக்க மூடினாங்க. நான் மட்டும் குனிஞ்சு அவுரு வாய மோந்து பார்த்தன்."

சுகுணாவின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"வாயி நாறல. காலைல நான் குடுத்தனுப்பின கூழு, வெங்காயம். அந்த வாசனைதான் இருந்துச்சு. சட்டை மட்டுந்தான் நாறுச்சு. எவரோ ஊத்தி உட்டிருக்காங்க. சொன்னன், யாரும் நம்பல. குடிகாரன் பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுட்டாங்க. எம் பொண்ணு யுவஸ்ரீய கேட்டு வந்தவங்களும் அதச் சொல்லித்தான் போனாங்க."

சுகுணாவும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தான். அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"வரங்கம்மா," என்றாள் மாரம்மா. "அவுரு உட்ட வேல. ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க. கடசியா உங்க ஊட்லதான் வேல செஞ்சாரு. மத்தியானமே குடிக்கப் போயிட்டாருன்னு நீங்கதான் ஊர்ல சொன்னீங்க. அவுரு குடிக்கலன்னு அந்தச் செவுத்துக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க. மேஸ்திரி கேட்டாப் போதும். நீங்க சொன்னா ஊரு நம்பும்."

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாள். கரண்ட் போயிருந்தது. கூடத்தில் மின்விசிறி ஓடாமல் அசைவற்ற புழுக்கம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த சாந்தின் மணம். அதற்கு அடியில், மெல்ல, அந்த இன்னொரு வாசனை.

கங்கப்பன் சாந்துச் சட்டியை மாரம்மாவின் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மாரம்மா சட்டியைத் தொடவில்லை. சுகுணாவைப் பார்த்தாள்.

கோவிந்தன் கூடத்து வாசலில் நின்றான். அவன் கண் சுகுணாவையே பார்த்தது. வாயைத் திறக்காதே என்றது.

அப்போது சுவரில் சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

மரக்கட்டையை வைத்து வட்டமாகத் தேய்க்கிற சத்தம். சாரத்தில் யாரும் இல்லை.

"சொல்லுங்கம்மா," என்று மாரம்மா மெதுவாகச் சொன்னாள். அவளுக்குச் சத்தம் கேட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

சரக். சரக்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். மத்தியானம் குடிக்காமல் இருந்தவன் சாயங்காலம் ஹைவேக்கு எப்படிப் போனான் என்று வரும். சுவேதாவின் நிச்சயம் நின்றுபோகும். சுகுணா உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ட விட்டுப் போனப்புறம் அவரு என்ன பண்ணாருன்னு எனக்கு எப்படித் தெரியும், மாரம்மா."

சத்தம் நின்றது.

சட்டென்று நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவன் கட்டையை எடுத்துக்கொண்டதுபோல.

மாரம்மா அழவில்லை, கத்தவுமில்லை. வெறுங்கையால் ஒரு பிடி சாந்தை அள்ளி, சுவரில் அப்பி, உள்ளங்கையால் அழுத்தினாள். அழுத்தின கையை எடுக்காமல், வீட்டில் புருஷனிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"போதும், வந்துரு. உன்னுத எடுத்துக்கிட்டு வா. உன்னுது இல்லாதத இங்கயே உட்டுட்டு வா."

கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வேலை தங்குதடையில்லாமல் நடந்தது. கங்கப்பன் தனியாளாக எட்டு நாள் பூசினார். சாந்து பிடித்தது, காய்ந்தது, வெளுத்தது. பிராந்தி வாசனை போன இடம் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது சுகுணாவுக்கு. வலது பாதியும் இடது பாதியும் ஒரே கை பூசியதுபோல் சேர்ந்துகொண்டன. ஆனால் மேல் மூலையில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் பூசாமல் சொரசொரப்பாக விட்டிருந்தார்.

"அது?"

"அது முன்னால செஞ்ச ஆளோட இடம். நான் தொடக் கூடாது," என்றார் கங்கப்பன். பஸ் ஏறும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் காரில் வந்தார்கள். ஹரீஷ்குமாரின் அப்பா ராஜசேகர் வந்ததும் வராததுமாகச் சுவரைத் தடவிப் பார்த்தார். "இந்தக் காலத்துல இப்படிப் பூச ஆள் கிடைக்கிறாங்களா? கண்ணாடி மாதிரி இருக்குதே," என்றார். கோவிந்தன் முகத்தில் பெருமை வழிந்தது. சுவேதா பச்சைப் பட்டில் தலைகுனிந்து நின்றாள். பெற்ற வயிறு குளிர்ந்தது சுகுணாவுக்கு. ஏழு மாதத்தில் முதல் தடவையாக இதுவரை செய்ததெல்லாம் சரிதான் என்று தோன்றியது.

காபித் தட்டை எடுத்துக்கொண்டு போய், பையனின் அம்மா சரிதா முன்னால் குனிந்தாள். சரிதா சிரித்தபடி டம்ளருக்குக் கை நீட்டினாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

நீட்டிய கை பின்னால் போனது. பக்கத்தில் இருந்த நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் மூக்கைத் துடைப்பதுபோல் முந்தானையை எடுத்தாள்.

சுகுணாவுக்கு அப்போதுதான் வந்தது. இனிப்பும் எரிச்சலும் கலந்த அந்த வாசனை. சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரிலிருந்து இல்லை. மிகப் பக்கத்திலிருந்து வந்தது.

பலகாரத்தைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார்கள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார் ராஜசேகர். மூன்று நாள் கழித்துத் தரகர் போனில் சொன்னார். பொண்ணு தங்கமாம், வீடும் நல்ல வீடாம், பொண்ணோட அம்மா பட்டப்பகலில் குடித்துவிட்டு காபி கொடுக்கிறாளாம்.

சீயக்காய், எலுமிச்சை, சாம்பல், டெட்டால். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. வாசனை போகவில்லை. மளிகைக்கடையில் அவள் நின்றால் பக்கத்தில் நிற்கிறவள் நகர்ந்தாள். சுவேதா ஒருநாள் கதவை மூடிக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா இப்படிப் பண்ற? எப்ப இருந்தும்மா?" சத்தியம் செய்தாள் சுகுணா. சாமி படத்தைத் தொட்டுச் செய்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட வலித்தது கோவிந்தன் செய்ததுதான். எல்லாம் தெரிந்தவன், பாட்டிலை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். அவனே ஒருநாள் காலை, அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாட்டில் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தான். சுகுணா கதவோரம் நின்று பார்த்தாள். இதற்காகவா என்று நினைத்தாள்.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், கூட்டம் பார்க்க, மாரம்மாவை வழிமறித்தாள்.

"நான் குடிக்கல, மாரம்மா. நீயாவது என்னை நம்பு. குடிக்கல."

"தெரியுங்கம்மா."

"எல்லாரும்…"

"நானும் இப்படித்தாங்க கேட்டுக்கினு திரிஞ்சன், ஊடு ஊடா."

மாரம்மா கிட்டே வந்தாள். சுகுணாவின் முகத்தருகே குனிந்து அவள் மூச்சை மோந்து பார்த்தாள். பிறகு சுகுணாவின் வலது கையைத் தூக்கி, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். பஸ் வந்து நின்றது. கையை மெல்லக் கீழே விட்டாள்.

"வாயி நாறலிங்க," என்றாள். "கை மட்டுந்தான் நாறுது."

பஸ் போய்விட்டது. சுகுணா வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் யாரும் இல்லை. கோவிந்தன் தோட்டத்தில், சுவேதா காலேஜில். கூடத்துக் கடிகாரம் மூன்றைக் காட்டியது.

சரக். சரக். சரக்.

அவள் உள்ளே போனதும் சத்தம் நின்றது.

அண்ணாந்து பார்த்தாள். மேல் மூலையில், கங்கப்பன் தொடாமல் விட்ட அந்த ஒரு கை இடத்தில், சொரசொரப்பைக் காணோம்.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். டார்ச்சைப் போட்டு, சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் ஒட்டி வைத்தாள். வெளிச்சம் மூலை வரைக்கும் ஓடியது. ஒரு அலைகூட இல்லை.

விரலை வைத்துப் பார்த்தாள். சாந்து இன்னும் ஈரமாக இருந்தது.

கீழே யாரோ ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்.